தூசி உருண்டை இல்லை

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டில் நான் இல்லாத தூசியைக் கண்டுபிடித்தேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் கேப் வெர்டே என்று சில தீவுகள் இருக்கின்றன. சஹாராவில் கிளம்பும் தூசி கடல் தாண்டிப் போகும் வழியில் அந்தத் தீவுகள் மேலேதான் போகும். அங்கே ஏரோனெட் என்ற உலகளாவிய வலையமைப்பின் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். சூரியனையும், சூரியனிலிருந்து விலகி வெவ்வேறு கோணங்களில் வானம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதையும் அது அளக்கும். தரவு இணையத்தில் இலவசம். "எடுத்துப் போட்டு, துகள்கள் என்ன சைஸ்னு கண்டுபிடி" என்பதுதான் ப்ராஜெக்ட்.

பைத்தானில் ப்ரோக்ராம் எழுதி, இரவு ரெண்டு மணிக்கு ஓடவிட்டேன். வரைபடத்தில் இரண்டு மேடுகள். ஒன்று 2 மைக்ரான் பக்கம். தூசிதான், சரி. இன்னொன்று 0.1 மைக்ரானுக்குப் பக்கத்தில், குட்டியூண்டு துகள்களின் ஒரு பெரிய கூட்டம். தூசிப்புயல் நாளில் இவ்வளவு நுண்துகள்கள் எங்கிருந்து வந்தன? பேப்பர் போடலாம் போலிருக்கே என்று காலையில் மேடத்திடம் ஓடினேன்.

மேடம் படத்தைப் பத்து வினாடி பார்த்தார். "தூசியை என்ன வடிவம்னு வச்சுக்கிட்டே?"

"உருண்டைன்னு மேடம்."

"ஏன்?"

"ப்ரோக்ராம்ல அப்படித்தான் இருந்துச்சு மேடம்."

"ஜன்னல் கம்பியில் இருக்கிற தூசியை என்னைக்காவது மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றுகூட உருண்டையாக இல்லை. ஜல்லி உடைக்கும் இடத்தில் கீழே கிடக்கும் சில்லுகள் மாதிரி இருந்தன. இந்தக் கட்டுரை அந்தச் சில்லுகளைப் பற்றியது. வடிவம் மாறினால் ஒளி எப்படி வேறு மாதிரி சிதறுகிறது, அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்கப் போகிறோம். பிளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தால் போதும். இல்லையென்றாலும் பரவாயில்லை, வாங்க.

உருண்டை எங்கிருந்து வந்தது?

1908-ல் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மன் இயற்பியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்கள் ஏன் சிவப்பாகவும் ஊதாவாகவும் தெரிகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு கோளத்தின் மேல் மின்காந்த அலை விழுந்தால் என்ன ஆகும் என்று மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் துல்லியமாகத் தீர்த்துக் காட்டினார். கோளம் என்பதால்தான் தீர்க்க முடிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் அது ஒன்றுதான், அதனால் கணக்கு அழகாகப் பிரிந்து வருகிறது. அவர் வானத்துத் தூசியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. போரனும் ஹஃப்மேனும் 1983-ல் எழுதிய ஒளிச்சிதறல் புத்தகத்தின் பின்னிணைப்பில் மீ கணக்குக்கான ஃபோர்ட்ரான் ப்ரோக்ராமே அச்சாகி வந்தது. அதிலிருந்து பிள்ளை, பேரப்பிள்ளையாக எத்தனையோ ப்ரோக்ராம்கள். இன்றைக்கு நாம் நாலு வரியில் கூப்பிடும் பைத்தான் நூலகமும் அந்த வம்சம்தான். கையில் சுத்தியல் இருந்தால் பார்ப்பதெல்லாம் ஆணி என்று யாரையும் குறை சொல்லவில்லை. நீர்த்துளி நிஜமாகவே உருண்டை. மேகம், மூடுபனி, ஈரப்பதம் குடித்து ஊறிய சல்பேட் துளி எல்லாவற்றுக்கும் மீ கணக்கு அருமையாக வேலை செய்யும். பாலைவனத் தூசி, எரிமலைச் சாம்பல், காய்ந்த உப்பு, புகைக்கரி, பனிப்படிகம் என்று வரும்போதுதான் சிக்கல்.

வடிவம் ஒளியை மாற்றும் என்பதற்கு மைக்ராஸ்கோப்கூட வேண்டாம், வானத்தைப் பார்த்தாலே போதும். வானவில் உருண்டையின் கையெழுத்து. நீர்த்துளிக்குள் நுழைந்து, பின்சுவரில் ஒருமுறை பட்டுத் திரும்பும் ஒளி, சூரியனுக்கு எதிர்ப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 42 பாகையில் குவிவதற்குக் காரணம் துளியின் வட்ட வடிவம். இன்னொன்று, சில இரவுகளில் நிலாவைச் சுற்றித் தூரத்தில் பெரிய வளையம் தெரியும். "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்களே, அது. அந்த வளையம் நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி இருக்கும். கையை முழுக்க நீட்டி, விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு. மேலே இருப்பது அறுகோணப் பனிப்படிகம். அதன் ஒன்றுவிட்ட பக்கங்கள் 60 பாகை முப்பட்டகம் போல வேலை செய்வதால் அந்த 22 வருகிறது. ரெண்டு இடத்திலும் பொருள் அதே தண்ணீர்தான். உருண்டையானால் 42, அறுகோணமானால் 22.

தூசிக்கு இந்த மாதிரி எந்த வளையமும் வில்லும் கிடையாது. கோடிக்கணக்கான சில்லுகள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் திரும்பி நிற்கிறது. எல்லாம் சேர்ந்து கோணத்துக்குக் கோணம் வழுவழுப்பான ஒரு வெளிச்சத்தைத் தருகின்றன. உருண்டையின் கணக்கில் வரும் மேடு பள்ளங்கள் அதில் இருக்காது.

எப்போது முக்கியம், எங்கே முக்கியம்

எல்லாத் துகளுக்கும் வடிவம் ஒரே அளவு முக்கியம் கிடையாது. துகளின் சுற்றளவை ஒளியின் அலைநீளத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அளவுக்காரணி என்று வைத்துக்கொள்வோம். பச்சை லேசரின் அலைநீளம் 532 நானோமீட்டர். 1 மைக்ரான் ஆரமுள்ள தூசிக்கு இந்த எண் ஏறக்குறைய 12. ஆரம் 5 மைக்ரான் என்றால் 59. காற்று மூலக்கூறுக்கோ ஆயிரத்தில் சில பங்குதான்.

எண் 1-ஐவிட ரொம்பக் குறைவாக இருந்தால் அது ராலே சிதறலின் ராஜ்ஜியம். வானம் நீலமாக இருக்கும் கதை. அங்கே அலை துகளைவிட ரொம்பப் பெரியது, துகளின் மூலைமுடுக்கெல்லாம் அதற்குத் தெரியாது. துகள் எவ்வளவு பருமன் என்பதுதான் பெரும்பாலும் தெரியும். எண் 1-ஐத் தாண்டிய பிறகுதான் அலைக்கு விளிம்பும் முனையும் 'கண்ணில் படும்'. பாலைவனத் தூசியில் ஒளியைச் சிதறடிக்கும் முக்கியமான துகள்கள் அத்தனையும் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

சரி, கண்ணில் பட்டதும் என்ன மாறுகிறது? நான் முதலில் நினைத்தது தப்பு. மொத்தமாக எவ்வளவு ஒளி சிதறுகிறது என்பதே மாறும் என்று நினைத்தேன். அது பெரிதாக மாறாது. ஒரே பருமனுள்ள உருண்டையும் சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளியைத்தான் கதிரிலிருந்து பிடுங்கி எடுக்கின்றன. பிடுங்கிய ஒளியை எந்தத் திசைக்கு அனுப்புகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

முன்னோக்கிய திசையில் வித்தியாசம் இல்லை. அங்கே நடப்பது விளிம்பு விளைவு. துகளின் நிழல் எவ்வளவு பெரியது என்பது மட்டும் அதற்குப் போதும். பக்கவாட்டில், 90 முதல் 150 பாகை வரைக்கும், சில்லுகள் உருண்டையைவிட அதிக ஒளியை வீசும். நேர் பின்னால், 150-லிருந்து 180 பாகைக்குள், கதை தலைகீழ். உருண்டைக்கு அங்கே ஒரு தனிச் சலுகை உண்டு. வட்டமான சுவரில் பட்டுச் சுற்றி வரும் கதிர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த வழியிலேயே ஒன்றுசேரும். சில்லுக்கு அந்த ஒழுங்கு இல்லாததால் பின்சிதறல் குறைவு. இந்தக் கோணங்களில் ரெண்டு கணக்குக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல்கூட வித்தியாசம் வரும்.

இப்போது என் 'கண்டுபிடிப்பு' எப்படி வந்தது என்று புரிகிறதா? கேப் வெர்டே வானத்தில் பக்கவாட்டு வெளிச்சம் அதிகமாக இருந்தது. நிஜமான காரணம் சில்லு வடிவம். என் ப்ரோக்ராமுக்குச் சில்லு என்றால் என்னவென்றே தெரியாது, உருண்டை மட்டும்தான் தெரியும். பெரிய உருண்டைகளை எத்தனை போட்டாலும் பக்கவாட்டில் அவ்வளவு வெளிச்சம் வராது. பக்கவாட்டில் தாராளமாக ஒளி வீசும் உருண்டை எது? ரொம்பச் சின்ன உருண்டை. அதனால் ப்ரோக்ராம் தன்னிடமிருந்த ஒரே வழியில் கணக்கை நேர் செய்தது. இல்லாத நுண்துகள்களை இட்டு நிரப்பிவிட்டது. வரைபடம் தரவோடு அச்சு அசலாகப் பொருந்தியது என்பதுதான் பயங்கரம். பொருந்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஏரோனெட்காரர்களே ஆரம்பத்தில் இதே பொய் மேட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஓலெக் டுபோவிக்கும் குழுவும் 2002-லும் 2006-லும் எழுதிய கட்டுரைகள் இதைச் சரி செய்வதைப் பற்றியவை. நான் அதைப் படிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது என் தப்பு.

கண்ணாடியை வைத்து ஒரு நிரூபணம்

இனி லைடார். ரேடாரின் தம்பி. வானத்தை நோக்கி லேசர் துடிப்பை அனுப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று பார்க்கும் கருவி. அனுப்பும் இடமும் பிடிக்கும் இடமும் ஒன்றே. அதாவது லைடார் பார்ப்பது சரியாக 180 பாகையை. வடிவம் அதிகமாகக் குளறுபடி செய்யும் கோணத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிற கருவி இது.

ஆனால் அதே இடத்தில்தான் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும் வழியும் இருக்கிறது. போலரைசேஷன், நாம் தளவிளைவு என்று படித்தோமே, அது. லேசர் ஒளியின் மின்புலம் ஒரே தளத்தில் ஆடும்படி அனுப்புகிறோம். திரும்பி வரும் ஒளியில் எவ்வளவு அதே தளத்தில் ஆடுகிறது, எவ்வளவு குறுக்காக ஆடுகிறது என்று பிரித்து அளக்கிறோம். குறுக்கை நேரால் வகுத்தால் வருவது டீபோலரைசேஷன் விகிதம். உருண்டைக்கு இது பூஜ்யம். ஏன் பூஜ்யம் என்பதற்குச் சமன்பாடே வேண்டாம். ஒரு கண்ணாடி போதும்.

கதிர் கிடையாகப் போகிறது, மின்புலம் மேலும் கீழுமாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கதிரும் மின்புலமும் சேர்ந்து ஒரு செங்குத்துத் தளம். அந்தத் தளம் உருண்டையை நடுவில் வெட்டுகிறது. இப்போது அந்தத் தளத்தில் ஒரு கண்ணாடி வைத்து இடதை வலதாக மாற்றுங்க. உருண்டை மாறவில்லை. வரும் ஒளி மாறவில்லை. அப்படியென்றால் திரும்பிப் போகும் ஒளியும் மாறக்கூடாது. திரும்பும் ஒளியில் இடதுபக்கமாக ஒரு குறுக்கு மின்புலம் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கண்ணாடியில் அது வலதுபக்கமாகும். மாறக்கூடாது என்றோம், மாறிவிட்டது. ஒரு எண் தன் எதிர்க்குறி எண்ணுக்கே சமம் என்றால் அது பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். முடிந்தது.

சில்லுக்கு இடமும் வலமும் ஒன்றல்ல. வாதம் அங்கேயே உடைகிறது. உள்ளே போன ஒளி கோணல்மாணலான சுவர்களில் பட்டுப் பட்டு வரும்போது ஆடும் தளம் திரும்பிவிடுகிறது. சஹாரா தூசியைப் பச்சை லேசரால் அளந்தால் விகிதம் 0.3 பக்கம் வரும். ஈரமான சல்பேட் துளிகளுக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

'உருண்டையில்லை என்றால் கண்டிப்பாகக் குறுக்கு ஒளி வரும்' என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீங்க. நிரூபணத்துக்குத் தேவை சமச்சீர்தான், உருண்டை அல்ல. தட்டையான பனிப்படிகங்கள் விழும்போது தாம்பாளம் போலக் கிடையாக மிதப்பது உண்டு. நேர் மேலிருந்து பார்த்தால் அவை சின்னச் சின்னக் கண்ணாடிகள். குறுக்கு ஒளியே வராது, நேர் ஒளி மட்டும் பளீரென்று திரும்பும். 2006-ல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லைடார் முதலில் செங்குத்திலிருந்து வெறும் 0.3 பாகை சாய்ந்து கீழே பார்த்தது. இந்தப் படிகங்கள் தரவைக் குழப்பியதால் 2007 நவம்பரில் சாய்வை 3 பாகையாக மாற்றினார்கள்.

2010 ஏப்ரல்

ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் என்று ஒரு எரிமலை. (உச்சரித்துப் பழக முயன்று அறைத்தோழனிடம் திட்டு வாங்கினேன்.) 2010 ஏப்ரல் 14-ல் அது பனிக்கட்டிக்கு அடியிலிருந்து வெடித்தது. சாம்பல் ஐரோப்பா பக்கம் காற்றில் வந்தது. ஏறக்குறைய ஆறு நாள் ஐரோப்பிய வானத்தின் பெரும்பகுதி மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து.

அவ்வளவு பயம் ஏன்? எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி இல்லை, நொறுங்கிய பாறையும் கண்ணாடியும். ஜெட் எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747-ன் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. வெகுதூரம் கீழே சறுக்கி வந்த பிறகுதான் எஞ்சின்கள் மறுபடி ஓடி, ஜகார்த்தாவில் இறங்கினார்கள். அதனால் பழைய விதி எளிது: சாம்பல் இருந்தால் பறக்காதே. 2010-ல் அந்த விதி ஒரு கண்டத்தையே நிறுத்தியது. எவ்வளவு சாம்பல் வரைக்கும் பறக்கலாம் என்று எண் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அந்த ஏப்ரலிலேயே கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது.

வரம்பு வந்தாச்சு. ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கன மீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று தரையிலிருந்து யார் சொல்வது? ஜெர்மனியில் லைப்சிக்கிலும், மியூனிக் அருகே மைஸாக்கிலும் லைடார்கள் இருந்தன. சாம்பல் படலம் தலைக்கு மேல் வந்தபோது அவை பார்த்துக்கொண்டிருந்தன. டீபோலரைசேஷன் விகிதம் 0.35-ஐ ஒட்டி வந்தது. சில்லுகள்!

ஆனால் எரிமலை சாம்பலோடு கந்தக டை ஆக்சைடையும் கக்கும். அது காற்றில் சல்பேட் துளியாக மாறும். அவை உருண்டை, எஞ்சினுக்குச் சாம்பல் அளவு ஆபத்தில்லை. லைடாரில் ரெண்டும் கலந்துதான் வரும். பிரிப்பது எப்படி? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்தவை.

சுத்தமான சாம்பலின் விகிதம் 0.36. சல்பேட்டுக்கு 0.01. காற்று மூலக்கூறுகளின் பங்கைக் கழித்த பிறகு நாம் அளந்த கலவை 0.20. 'அப்போ 0.19-ஐ 0.35-ஆல் வகுத்தால் 54 சதவீதம் சாம்பல்' என்று எழுதினால் மார்க் போச்சு. விகிதங்கள் நேரடியாகக் கூடாது, ஒளிதான் கூடும். அதனால் முதலில் ஒவ்வொன்றிலும் மொத்த ஒளியில் எத்தனை பங்கு குறுக்காக வருகிறது என்று மாற்ற வேண்டும். விகிதத்தை 'ஒன்று கூட்டல் விகிதம்' ஆல் வகுத்தால் அது கிடைக்கும். சாம்பல்: 0.36 ÷ 1.36 = 0.265. சல்பேட்: 0.01 ÷ 1.01 = 0.010. கலவை: 0.20 ÷ 1.20 = 0.167. இப்போது 0.157-ஐ 0.255-ஆல் வகுங்க. ஏறக்குறைய 62 சதவீதம். திரும்பிய ஒளியில் இவ்வளவு சாம்பலுடையது. துகள்களின் வடிவத்தை மட்டும் வைத்து ரெண்டு பொருளைப் பிரித்துவிட்டோம்.

அடுத்த படி இன்னும் வம்பு. திரும்பிய ஒளியிலிருந்து, படலம் மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பிடுங்குகிறது என்று போக வேண்டும். அந்தப் பெருக்கும் எண்ணுக்கு லைடார் விகிதம் என்று பெயர். சஹாரா தூசிக்கும் இந்தச் சாம்பலுக்கும் அளந்து பார்த்தால் அது 50, 60 என்று வருகிறது. உருண்டைக் கணக்கு பின்சிதறலை ஊதிப் பெருக்கிக் காட்டும் என்று பார்த்தோமே, அதனால் அது தரும் விகிதம் பாதிக்கும் கீழே போகும். 55 போட வேண்டிய இடத்தில் 25 போட்டால் என்ன ஆகும் என்று பாருங்க. நிஜத்தில் 2 மில்லிகிராம் இருக்கும் இடத்தில் காகிதத்தில் 0.9 என்று வரும். 'தாராளமாகப் பறக்கலாம்' என்று ஒரு உருண்டை சொல்லும்.

மைஸாக் தரவை உருண்டையில்லாத வடிவங்களைப் போட்டு ஆராய்ந்தவர்கள், ஏப்ரல் 17-ன் உச்சத்தில் கன மீட்டருக்கு 1.1 மில்லிகிராம் என்று சொன்னார்கள். கூடவே 0.65 முதல் 1.8 வரை இருக்கலாம் என்றும் எழுதினார்கள். இந்த இடைவெளியைப் பார்த்து, 'இவ்வளவு தடுமாற்றமா' என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் வரைபடத்தில் பிழைக்கோடே இல்லை என்பது ஞாபகம் வந்தது. வடிவம் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்து எண்ணில் எழுதுவது நேர்மை.

வடிவம் நிலையாகவும் இருக்காது

உப்பு ஒரு நல்ல உதாரணம். கடல் அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துகள், ஈரமான காற்றில் ஒரு துளி, அதாவது உருண்டை. விகிதம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதே துகள் காய்ந்த காற்றில் மாட்டினால் தண்ணீரை விட்டு கனசதுரப் படிகமாகிவிடும். கரீபியன் கடலின் பார்படாஸ் தீவில் அளந்தபோது காய்ந்த உப்புப் படலத்துக்கு 0.15 வரை வந்திருக்கிறது. காய்ந்த உப்பு மறுபடி ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உறிஞ்சி உருகித் துளியாகும். உப்பு அதே உப்பு, காலையில் உருண்டை, மதியம் கட்டம்.

புகை இன்னொரு தினுசு. புகைக்கரி என்பது சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள குட்டி உருண்டைகள் கோத்த, கிளைவிட்ட சங்கிலி. நாளாக நாளாக மற்ற பொருட்கள் மேலே படிந்து, சங்கிலி சுருண்டு உருண்டையாகிவிடும். அதனால் பழைய புகைக்கு விகிதம் குறைவாகத்தான் இருக்கும் என்பது பொது நம்பிக்கை. 2017 ஆகஸ்ட்டில் கனடாவின் காட்டுத்தீப் புகை ஸ்ட்ரேட்டோஸ்பியர் வரை ஏறி ஐரோப்பாவுக்கு வந்தது. லைப்சிக் லைடார் அதில் பார்த்த விகிதம் பச்சையில் 0.18. தூசி கலந்த காற்றுக்கு வரும் எண் அது! அந்த உயரத்தில் காற்று வறண்டு இருப்பதால் துகள்கள் உருண்டையாக முடியாமல் கோணலாகவே இருந்திருக்கும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். விகிதத்தை மட்டும் பார்த்து 'இது தூசி' என்று முத்திரை குத்தும் ப்ரோக்ராம் அன்றைக்கு ஏமாந்துதான் போயிருக்கும்.

அப்போ எந்த வடிவத்தைப் போடுவது?

உருண்டைக்கு அடுத்து எளிது நீள்கோளம். உருண்டையை ஒரு பக்கம் இழுத்தால் முட்டை மாதிரி, அமுக்கினால் மாத்திரை மாதிரி. இதற்கு வாட்டர்மேன் 1965-ல் கொடுத்த டி-மேட்ரிக்ஸ் முறை இருக்கிறது. மிஷ்சென்கோ அதற்கான ப்ரோக்ராம்களை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். ஏரோனெட் திருத்தமும் இந்த நீள்கோளத்தில்தான் நிற்கிறது. எவ்வளவு நீளம், எவ்வளவு தட்டை என்பதை அவர்கள் ஊகித்து வைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வகத்தில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத் தூளைக் காற்றில் ஊதி, லேசர் அடித்து, கோணம் கோணமாக அளந்து வைத்திருந்தார்கள். அந்த அளவீட்டோடு பொருந்தும்படி நீள்கோளக் கலவையை அமைத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், தூசி நீள்கோளமும் கிடையாது. முட்டை வடிவத் தூசியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பல விதமான நீள்கோளங்களைக் கலந்து போட்டால், பல விதமான சில்லுகள் கலந்த தூசி மாதிரியே பக்கவாட்டில் ஒளி வீசுகிறது. நேர் பின்னால் மட்டும் இன்னும் இடிக்கிறது. லைடாரில் வெவ்வேறு நிறத்துக்கு அளக்கும் விகிதங்களை அது ஒரே நேரத்தில் சரியாகக் கொடுப்பதில்லை.

நிஜமான சில்லு வடிவமே வேண்டும் என்றால் வழி உண்டு. துகளைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மின் இருமுனையாக வைத்து, எல்லாம் ஒன்றையொன்று எப்படி ஆட்டுகின்றன என்று தீர்ப்பது. பர்செலும் பென்னிபேக்கரும் 1973-ல் விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசிக்காகச் செய்த முறை இது. எந்த வடிவமும் போடலாம். விலை? துகள் பெரிதாக ஆக கட்டங்கள் மூன்றாம் அடுக்கில் பெருகும், கூடவே ஒவ்வொரு திசையாகத் திருப்பித் திருப்பிச் சராசரி எடுக்க வேண்டும். என் லேப்டாப்பில் 0.5 மைக்ரான் ஆரமுள்ள ஒற்றைச் சில்லுக்கே மின்விசிறி அலறியது.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். தூசி பூமியை எவ்வளவு குளிர வைக்கிறது என்ற கணக்குக்கு வடிவம் இந்த அளவு முக்கியமில்லை. அங்கே எல்லாக் கோணத்து ஒளியையும் கூட்டி எடுப்பதால் பக்கவாட்டில் கூடியதும் பின்னால் குறைந்ததும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஒரே கோணத்தில் நின்று பார்த்து மீதியை ஊகிக்கும் செயற்கைக்கோளுக்கும் லைடாருக்கும்தான் இது தலைவலி.

செய்து பார்க்க ஆசையா? மீ கணக்குக்கும் டி-மேட்ரிக்ஸுக்கும் பைத்தானில் தயார் நூலகங்கள் கிடைக்கும். 1 மைக்ரான் உருண்டை ஒன்று, அதே பருமனில் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் நீள்கோளம் ஒன்று. அளவுகள் கொஞ்சம் பரவலாக இருக்கட்டும், திசைகளுக்குச் சராசரி எடுங்க. ரெண்டையும் 0 முதல் 180 வரை ஒரே படத்தில் போடுங்க. செங்குத்து அச்சு மட்டும் லாக் அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் முன்னால் இருக்கும் ஊசிமுனை தவிர வேறு ஒன்றும் தெரியாது.

என் ப்ராஜெக்ட்டை நீள்கோளங்களை வைத்து மறுபடி ஓட்டினேன். 2 மைக்ரான் மேடு அங்கேயே இருந்தது, 0.1 மைக்ரான் பக்கம் கிட்டத்தட்டச் சமவெளி. மேடம் பார்த்துவிட்டு, "பழைய படத்தையும் ரிப்போர்ட்ல சேர்த்துடு" என்றார். சேர்த்திருக்கிறேன், பக்கம் 14-ல், இந்த முறை பிழைக்கோடு போட்டு.